கேரவன் கீசர்: கேஸிலும் கரண்டிலும் வெந்நீர் போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கேரவன் காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற வகை. பயணம் இல்லாத நாட்களில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டுக்குப் பக்கத்து மனையில் நிற்கும். சொந்தக்காரர்களும் நண்பர்களும் பிச்சாவரம், தரங்கம்பாடி, கொடைக்கானல் என்று கேட்டு வாங்கிப் போவார்கள். சாவி கொடுக்கும்போது கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் கால் மணி நேரத்தில் அவர்களுக்குப் பிடிபட்டுவிடுகிறது. கீசர் மட்டும் பிடிபடுவதில்லை. விடியற்காலையில் போன் வந்தால் அது கீசருக்காகத்தான். அப்படிப் போனில் வந்த கேள்விகளையும், நேரில் நின்று சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே வகைக் கீசர் வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் பயன்படும்.

அண்ணே, வீட்டு கீசர் மாதிரிதானே இதுவும்? தனியாக என்ன இருக்கிறது?

தொட்டி ஒன்றுதான், அதைச் சுடவைக்க வழி இரண்டு. தொட்டியில் 22.7 லிட்டர் பிடிக்கும். அமெரிக்க அளவில் 6 காலன் என்பதால் இந்த அரைகுறை எண். தொட்டிக்குள் ஊடுருவிப் போகிற குழாய்க்குள் கேஸ் பர்னரின் நெருப்பு எரியும். அது ஒரு வழி. தொட்டித் தண்ணீரில் மூழ்கியிருக்கிற காயில், அதாவது கரண்டில் சூடாகிற கம்பிச் சுருள், இன்னொரு வழி. அதற்கு 230 வோல்ட் கரண்ட் வேண்டும். உள்ளே சுவரில் இரண்டு சுவிட்ச் இருக்கிறது, ஒன்று கேஸுக்கு, ஒன்று கரண்டுக்கு. கரண்டுக்கு மட்டும் கேரவனின் வெளிப்பக்கம், கீசர் கதவைத் திறந்தால் கீழ் மூலையில் இன்னொரு சின்னக் கறுப்பு சுவிட்ச் உண்டு. உள்ளே இருக்கும் கரண்ட் சுவிட்ச், இந்தக் கறுப்பு சுவிட்ச் இரண்டும் போட்டிருந்தால்தான் காயில் வேலை செய்யும். "கரண்டில் சூடாகவில்லை" என்று வருகிற போன்களில் பாதிக்கு மேல் இந்தக் கறுப்பு சுவிட்சை மறந்ததால் வருபவை.

கேஸில் போடும்போதும் மின்சாரம் வேண்டும். ஆனால் அது கேரவன் பேட்டரியின் 12 வோல்ட். பொறி தட்டவும், கேஸ் வால்வைத் திறந்து பிடிக்கவும், உள்ளேயிருக்கும் போர்டு இயங்கவும் அதுதான் உதவுகிறது. பேட்டரி இறங்கிப்போனால் சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் வெந்நீர் கிடைக்காது. தீப்பெட்டியால் பற்றவைக்கிற வேலை இதில் இல்லை, முயலவும் கூடாது.

சுவிட்ச் போடுவதற்கு முன்னால் முதலில் பார்க்க வேண்டியது எது?

தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: தண்ணீர் நிறைந்த பிறகுதான் கேஸோ கரண்டோ.

முதல் வருடம் பிச்சாவரம் போனபோது நானே இதில் தவறினேன். முந்தின வாரம் தொட்டியைக் கழுவி வடித்துவிட்டு வைத்திருந்தேன். போய்ச் சேர்ந்ததும் பம்பைப் போட்டேன், குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தேன், தண்ணீர் நன்றாக வந்தது. சரி என்று காயில் சுவிட்சைத் தட்டிவிட்டேன். கீசர் தொட்டியில் இருந்ததோ வெறும் காற்று. காயில் சிவந்து அறுந்துபோக ஓரிரு நிமிடம் போதும். காற்றுக்கு அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும் சக்தி கிடையாது, தண்ணீருக்குத்தான் உண்டு. புதுக் காயில் வந்து மாட்டும்வரை மூன்று வாரம் கேஸில் மட்டுமே ஓட்டினோம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பம்பைப் போடுங்கள், அல்லது வெளியிலிருந்து ஹோஸை மாட்டுங்கள். பிறகு வெந்நீர்ப் பக்கக் குழாயைத் திறந்து அதன் எதிரிலேயே நில்லுங்கள். குளிர்ந்த தண்ணீர்க் குழாய் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அது தொட்டியைப் பற்றி எதையும் சொல்லாது. வெந்நீர்க் குழாய் முதலில் காற்றைத் துப்பும், இருமும், விட்டுவிட்டுத் தண்ணீர் தெறிக்கும். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். ஒரே சீராக, சத்தமில்லாமல் தண்ணீர் விழ ஆரம்பித்தால் தொட்டி நிறைந்துவிட்டது. அதன்பின் குழாயை மூடிவிட்டு சுவிட்சைத் தொடுங்கள். கேஸுக்கும் இதே முறைதான். காலித் தொட்டியில் நெருப்பு எரிந்தால் உடனே எதுவும் அறுந்து விழாது. ஆனால் தொட்டி தாங்கக்கூடாத சூட்டைத் தாங்குகிறது.

கேஸில் போடுவதா, கரண்டில் போடுவதா? எது லாபம்?

கணக்கைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். கடலூரில் குழாய்த் தண்ணீர் சாதாரணமாக 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கீசர் 54 டிகிரி வரை சுடவைத்து நிறுத்தும். 22.7 லிட்டரை 26 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரம் போதும். காயில் 1,440 வாட், ஆகவே அரை மணி நேரம். கேஸ் பர்னர் மணிக்கு 12,000 பிடியு, அதாவது மூன்றரை கிலோவாட். அதில் ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விட்டாலும் கால் மணி நேரத்தில் தொட்டி சூடாகும். அதற்கு 75 கிராம் கேஸ் செலவாகும். 5 கிலோ சிலிண்டர் ஒன்று 60 தொட்டிக்குக் குறையாமல் வரும்.

கொடைக்கானலில் கணக்கு மாறும். டிசம்பர் காலையில் அங்கே தண்ணீரே 12 டிகிரி இருக்கும். கரண்டில் முக்கால் மணி, கேஸில் ஏறக்குறைய அரை மணி. ஒரே சிலிண்டர் 40 தொட்டிக்குத்தான் வரும்.

வீட்டு வாசலிலோ, 15 ஆம்பியர் பிளக் இருக்கிற இடத்திலோ நின்றால் கரண்டில் போடுங்கள். நெருப்பு இல்லை, புகை இல்லை, மறந்துவிட்டாலும் தெர்மோஸ்டாட் நிறுத்திக்கொள்ளும். ஆற்றங்கரை, தோப்பு, மலை என்று கரண்ட் இல்லாத இடத்தில் கேஸ். கேஸின் அருமை எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய பிறகு எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம் என்பது இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் நினைவிருக்கும். அன்றைக்கு எங்களிடம் கேரவன் இல்லை. கேஸ், கரண்ட் இரண்டிலும் ஓடுகிற கீசர்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக வாங்கியதற்கு அந்த நாட்கள்தான் காரணம்.

இரண்டு சுவிட்சையும் ஒன்றாகப் போடலாமா?

தாராளமாகப் போடலாம். கீசர் அதற்காகவே செய்யப்பட்டது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தொட்டி சூடாகிவிடும். தீபாவளி விடியற்காலையில் வரிசையாக ஐந்து பேர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது அப்படித்தான் போடுவோம். இரண்டு பேர் குளிக்கிற நாளில் தேவையில்லை.

ஒரு தொட்டி எத்தனை பேருக்குக் காணும்?

ஷவரில் குளித்தால் ஒருவர், கொஞ்சம் சிக்கனக்காரர் என்றால் ஒன்றரை ஆள். வாளியில் பிடித்துச் சொம்பால் மொண்டு குளித்தால் கடலூரில் மூன்று வாளி. 54 டிகிரித் தண்ணீரோடு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பச்சைத் தண்ணீர் கலந்தால்தான் உடம்பு பொறுக்கும் 40 டிகிரி வரும். அப்படிக் கலந்தால் 22.7 லிட்டர் வெந்நீர் 45 லிட்டருக்கு மேல் ஆகிவிடும். மலையில் பச்சைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதால் குறைவாகத்தான் கலக்க முடியும், இரண்டு வாளியோடு முடிந்துவிடும்.

நான் வாளியைத்தான் சொல்லுவேன். கழிவுநீர்த் தொட்டியும் சீக்கிரம் நிரம்பாது. குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் ஷவரை நேராகத் திறந்துவிடாதீர்கள். 54 டிகிரி என்பது பிஞ்சுத் தோலை அரை நிமிடத்தில் சுட்டுவிடும் சூடு. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர், முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

கரண்டை எங்கிருந்து எடுப்பது? சித்தப்பா வீட்டு ஹால் பிளக்கில் மாட்டினேன், பிளக் கருகிவிட்டது.

காயில் மட்டுமே ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். ஃபேன், டிவி மாட்டுகிற சின்ன பிளக் அதற்கு ஆகாது. ஏசிக்கோ வீட்டு கீசருக்கோ போட்டிருக்கிற 15 ஆம்பியர் பெரிய பிளக்கில் மாட்டுங்கள். நீட்டு வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரம் இருக்க வேண்டும். சுருளாக இருந்தால் முழுவதையும் பிரித்துத் தரையில் நீட்டிப் போடுங்கள். சுருட்டியபடியே ஓட்டினால் உள்ளே சூடு தங்கி மேலுறை உருகும்.

இதைவிடப் பெரிய விஷயம் எர்த். கேரவனின் உடம்பு முழுவதும் உலோகம். நீங்கள் ஈரக் காலோடு மண்ணில் நின்று அதன் கைப்பிடியைத் தொடுவீர்கள். எர்த் சரியில்லாத பிளக்கில் கரண்ட் எடுத்து, காயிலில் கசிவும் இருந்தால் அந்தக் கைப்பிடியில் 230 வோல்ட் இருக்கும். எங்கள் கேரவனில் கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கிறோம். அதன் டெஸ்ட் பொத்தானை ஒவ்வொரு முறை கரண்ட் மாட்டியதும் ஒரு முறை அழுத்துங்கள், டப் என்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றைக்குக் கரண்டே வேண்டாம், கேஸில் போடுங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை இருந்தும் எர்த் வயர் வராத பிளக்குகள் உண்டு, வீட்டுக்காரர் நல்லவர் என்பதால் பிளக்கும் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம்.

வோல்டேஜ் குறைவாக இருந்தால் காயிலுக்கு ஆபத்தில்லை, நேரம்தான் கூடும். 180 வோல்ட்டில் சூடு அறுபது சதவீதத்துக்கு இறங்கிவிடும், அரை மணி முக்கால் மணி ஆகும்.

இன்வெர்ட்டரில் காயிலை ஓட்டலாமா?

வேண்டாம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 120 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். ஒரு தொட்டி சூடாவதற்குள் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி போய்விடும். பிறகு ராத்திரி விளக்குக்கும் பம்புக்கும் என்ன செய்வது?

கேஸ் சுவிட்ச் போட்டால் டிக் டிக் என்று சத்தம் வந்து, பிறகு சிவப்பு விளக்கு எரிகிறது. என்ன அர்த்தம்?

நெருப்பு பற்றவில்லை, அதனால் கீசர் தானாகவே கேஸை அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். விளக்கு எரிவதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது உங்களைக் காப்பாற்றுகிற வேலையைத்தான் செய்கிறது. சுவிட்சை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி போடுங்கள். சிலிண்டர் புதிதாக மாற்றியிருந்தால் குழாயில் காற்று இருக்கும். அடுப்பை ஒரு நிமிடம் எரியவிட்டால் காற்று வெளியேறிவிடும், பிறகு கீசர் பற்றிக்கொள்ளும். அடுப்பே மங்கலாக எரிந்தால் சிலிண்டர் தீர்ந்திருக்கிறது. மலையில் இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர் எல்பிஜியில் பியூட்டேன் கலந்திருக்கிறது; அது பூஜ்யம் டிகிரியை நெருங்கினால் ஆவியாக மறுக்கும். ஊட்டி உறைபனிக் காலையில் அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கிற சிலிண்டர் சோம்பிப்போகும். வெயில் ஏறியதும் சரியாகும். சிலிண்டருக்கு வெந்நீர் ஊற்றுவதோ, அதன் பக்கத்தில் நெருப்பு மூட்டுவதோ கூடவே கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால் குளவி. எங்களுக்கு மூன்று முறை வந்த கோளாறு இது. எல்பிஜியில் கசிவு தெரிவதற்காகக் கலக்கிற மெர்கேப்டன் வாடை சிலந்தியையும் குளவியையும் இழுக்கிறது என்கிறார்கள். காரணம் எதுவானாலும் பர்னர் குழாயின் வாய் அவற்றுக்கு ரொம்பப் பிடித்த இடம். மண் கொண்டுவந்து பூசிவிடும், காற்று போகிற வழி அடைந்துவிடும். குளவிக் கூட்டைக் கலைக்கக் கூடாது, வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறதன் அடையாளம் என்று எங்கள் அம்மா சொல்வார். வீட்டுச் சுவரில் கட்டினால் நானும் கலைப்பதில்லை. பர்னரில் கட்டினால் கலைத்தே ஆக வேண்டும். சிலிண்டரை மூடி, கீசர் ஆறிய பிறகு, பால் புட்டி கழுவுகிற நீண்ட பிரஷ்ஷை உள்ளே விட்டுத் துடையுங்கள்.

நெருப்பின் நிறத்தை வைத்தே இதை முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம். வெளிக்கதவின் சல்லடை வழியாகப் பாருங்கள். நெருப்பு நீலமாக, சீறுகிற சத்தத்தோடு நேராக எரிய வேண்டும். மஞ்சளாக, சோம்பலாக ஆடினாலோ, கதவின் மேல் பகுதியில் கறுப்புக் கரி படிந்திருந்தாலோ காற்று போதவில்லை. அப்படி எரியவிடாதீர்கள். காற்றில்லாமல் எரிகிற நெருப்பு கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும்.

கேரவனை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது?

கீசர் கதவு இருக்கிற பக்கம் ஒரு ஆள் தாராளமாக நடந்துபோகிற அளவுக்குத் திறந்தவெளியாக இருக்க வேண்டும். அந்தச் சல்லடை வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது, சுடு புகை வெளியே வருகிறது. அதன் மேல் தார்ப்பாய் கட்டாதீர்கள், ஈரத் துணி காயப்போடாதீர்கள், கீற்றுக் கொட்டகைக்குள் நிறுத்திவிட்டுக் கேஸில் போடாதீர்கள். அதற்கு நேர் மேலே ஜன்னல் இருந்தால், கேஸ் எரியும்போது அதை மூடி வையுங்கள்.

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை, தாழங்குடா என்று கடல் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கடல் கிழக்கே இருக்கிறது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பினால் பர்னர் நெருப்பை அணைத்துக்கொண்டே இருக்கும். கீசர் பக்கம் மேற்கே பார்க்கும்படி நிறுத்துங்கள். வாடைக் காற்று அடிக்கிற ஐப்பசி, கார்த்திகையிலும் இதுதான் சரி. இரண்டாவது, சவுக்குத் தோப்பு. நிழலுக்காக எல்லோரும் அதற்குள்தான் போய் நிறுத்துகிறார்கள். உதிர்ந்த சவுக்கு ஊசி காய்ந்து கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கும், தீக்குச்சி போட்டால் பற்றிக்கொள்ளும் சருகு அது. தோப்புக்குள் நிற்க வேண்டுமானால் கீசர் பக்கம் நான்கைந்து அடிக்குச் சருகை மண் தெரியப் பெருக்கிவிட்டு, ஒரு வாளி தண்ணீரும் வைத்துவிட்டுப் போடுங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பிலும் அப்படியே.

கடையில் மூன்று நான்காயிரத்துக்குக் கேஸ் கீசர் விற்கிறதே. கேரவன் குளியலறையில் அதை மாட்டிக்கொண்டால் என்ன?

தயவுசெய்து செய்யாதீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் மைத்துனர், அவரிடம் கோபமாகவே பேசிவிட்டேன்.

கேரவனுக்கென்று செய்த கீசரில் நெருப்பு எரிகிற அறை கேரவனின் உட்புறத்திலிருந்து முழுக்கப் பிரிக்கப்பட்டிருக்கும். அது மூச்சு வாங்குவதும் விடுவதும் வெளியில். கடையில் விற்கிற சுவர் கீசர் அப்படியல்ல. அது மாட்டியிருக்கிற அறையின் காற்றை இழுத்து, புகையை அதே அறைக்குள் விடும். எரிகிற நெருப்போ கேரவன் பர்னரைப்போல மூன்று மடங்கு. கேரவன் குளியலறை ஒரு பீரோ அளவுதான். அதன் காற்றில் இருக்கிற ஆக்சிஜன் சில நிமிடத்தில் குறைந்துவிடும், நெருப்பு அரைகுறையாக எரியும், கார்பன் மோனாக்சைடு பெருகும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஆவலாக ஒட்டிக்கொள்ளும். தலை கனக்கும், வெந்நீர் சுகத்தில் தூக்கம் வருகிறது என்று நினைப்பீர்கள், கதவைத் திறக்கக் கை வராது. நம் நாட்டில் சாதாரண வீட்டுக் குளியலறைகளிலேயே இப்படி உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

கேரவன் கீசரே வைத்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கை அருகே இருக்கட்டும். எங்களுடையதில் இருக்கிறது, தயவுசெய்து பேட்டரியைக் கழற்றி டார்ச்சில் போடாதீர்கள்.

கேஸ் வாடை வருகிறது. என்ன செய்ய?

சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லோரும் வெளியே வாருங்கள், கதவைத் திறந்துபோடுங்கள், சிலிண்டர் வால்வை மூடுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் மேல் ஜன்னலைத் திறப்பதைவிட வாசல் கதவைத் திறப்பதுதான் அதை வெளியேற்றும். தள்ளி வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்; அது நாடு முழுவதற்குமான எல்பிஜி அவசர எண்.

கசிவு எங்கே என்று பிறகு தேடும்போது சோப்புத் தண்ணீர்தான் பூசிப் பார்க்க வேண்டும், நெருப்புக் காட்டிப் பார்ப்பது கூடாது. ரப்பர் டியூபில் தேதி அச்சிட்டிருக்கும், 5 வருடம் ஆனதும் மாற்றிவிடுவோம்.

வெளியே சேஃப்டி வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கீசர் ஓட்டையாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. தண்ணீர் சூடானால் பெருகும். 22.7 லிட்டர் 28-லிருந்து 54 டிகிரிக்குப் போகும்போது ஒரு பெரிய டம்ளர் அளவு கூடும். தொட்டியின் மேல் பகுதியில் கொஞ்சம் காற்று தங்கியிருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். பெருகுகிற தண்ணீர் அந்தக் காற்றை அமுக்கிக்கொண்டு இடம்பிடித்துக்கொள்ளும். நாளாக நாளாக அந்தக் காற்று தண்ணீரில் கரைந்து போய்விடும். அப்போது அழுத்தம் ஏறி வால்வு சொட்டும். அந்த வால்வு 150 பிஎஸ்ஐ அழுத்தத்திலோ 99 டிகிரி சூட்டிலோ திறந்துகொள்வதற்காக வைத்தது.

காற்றை மீண்டும் உண்டாக்க: இரண்டு சுவிட்சையும் அணைத்துத் தண்ணீரை நன்றாக ஆறவிடுங்கள். பம்பை நிறுத்துங்கள். உள்ளே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிடுங்கள். வெளியே வந்து வால்வின் கைப்பிடியை நேராக இழுத்துப் பிடித்தால் தண்ணீர் கொட்டும், தானாக நிற்கும்வரை விடுங்கள். கைப்பிடியை விட்டு, குழாயை மூடி, பம்பைப் போடுங்கள். அவ்வளவுதான்.

ஒரு பிளம்பர் சொட்டுவது நிற்க வேண்டுமென்று அந்த வாயில் பிளக் போட்டு டெஃப்லான் டேப்பால் இறுக்கி அடைத்துவிட்டுப் போனார். நான் வீட்டில் இல்லாதபோது நடந்தது. நல்ல மனதோடு செய்த வேலைதான், ஆனால் அது தொட்டியையே வெடிகுண்டாக மாற்றுகிற வேலை. அந்த வாயை யாரும், எதற்காகவும் அடைக்கக் கூடாது. காற்றை உண்டாக்கிய பிறகும் சொட்டினால் வால்வையே மாற்ற வேண்டும்.

கீசர் வேலை செய்கிறது, ஆனால் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது.

வெளியே கால் கழுவுகிற ஷவரைப் பாருங்கள். கடற்கரையிலிருந்து வந்து மணலைக் கழுவிவிட்டு, கையில் பிடிக்கிற முனையில் மட்டும் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். சுவரிலிருக்கிற வெந்நீர், பச்சைத் தண்ணீர்க் குழாய்கள் இரண்டும் திறந்தபடியே இருக்கும். அதன் வழியாகப் பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்துவிடும். இரண்டையும் இறுக்கி மூடினால் சரியாகிவிடும். அது காரணமில்லை என்றால், கட்டிலுக்கு அடியில் கீசரின் பின்புறம் பைபாஸ் வால்வு இருக்கிறது. பனி உறைகிற நாடுகளில் குளிர்காலத்துக்குக் கீசரைத் தனியே ஒதுக்கிவைக்க வைத்தது அது, நமக்கு அதில் வேலையில்லை. பெட்டி தள்ளும்போது இடித்துத் திரும்பியிருக்கலாம்.

போர் தண்ணீர் நிரப்பலாமா? உப்பு என்ன செய்யும்?

கடலூர், புதுச்சேரி கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உவர்ப்பு. குளிக்க வேறு வழியில்லை என்றால் நிரப்புங்கள், தடையில்லை. ஆனால் திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். காயிலில் உப்பு ஏடு ஏடாகப் படியும், சூடாக நேரம் பிடிக்கும், கடைசியில் காயில் போகும்.

எங்கள் கீசர் சபர்பன் கம்பெனி வகை: இரும்புத் தொட்டி, உள்ளே பீங்கான் பூச்சு. அதைத் துரு பிடிக்காமல் காப்பது மெக்னீசியத்தால் ஆன ஆனோடு ராடு. வடிகுழாய் மூடியோடு சேர்ந்தே வரும். தொட்டி கரைவதற்குப் பதிலாகத் தான் கரைந்து தொட்டியைக் காப்பாற்றும். முக்கால்வாசி கரைந்துவிட்டால் புதிது போட வேண்டும். உப்புத் தண்ணீரில் வேகமாகக் கரையும், அதனால் நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கிறோம். உங்களுடையது அலுமினியத் தொட்டி உள்ள ஆட்வுட் கம்பெனி வகை என்றால் அதற்கு ராடு கிடையாது, போடவும் கூடாது.

அழுகிய முட்டை நாற்றம் வெந்நீரில் மட்டும் வந்தால், தொட்டியில் தேங்கிய தண்ணீரில் கிருமி வளர்ந்து ராடோடு வினை புரிகிறது. வடித்து, குளோரின் கலந்த தண்ணீரை நிரப்பிச் சில மணி நேரம் வைத்து, இரண்டு முறை அலசுங்கள். குளோரினோடு வினிகரைச் சேர்க்காதீர்கள், விஷ வாயு கிளம்பும்.

அமெரிக்காவிலிருந்து அக்கா மகன் ஒரு கீசர் கொண்டுவருகிறான். மாட்டிக்கொள்ளலாமா?

கேஸ் பக்கம் ஓடும். கரண்ட் பக்கம் அப்படியே மாட்டக் கூடாது. அங்கே 120 வோல்ட். 1,440 வாட் காயிலை நம் 230 வோல்ட்டில் மாட்டினால் 5,000 வாட்டைத் தாண்டும், கணத்தில் எரிந்துவிடும். ஆஸ்திரேலியாவுக்கு விற்பது 240 வோல்ட் வகை, எங்களுடையது அதுதான். வாங்கும் முன் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வண்டி ஓடும்போது கீசர் போட்டிருக்கலாமா?

கூடாது. இரண்டு சுவிட்சும் அணைந்து, சிலிண்டர் வால்வும் மூடியிருக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் பர்னர் பொறி தட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கிளம்பும் முன் சூடாக்கியிருந்தால் தொட்டியின் தெர்மாகோல் உறை சில மணி நேரம் சூட்டைப் பிடித்துவைக்கும். காலையில் கடலூரில் சுடவைத்தது சிதம்பரம் போய்ச் சேர்ந்தும் கை பொறுக்காத சூட்டில் இருந்திருக்கிறது.

நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் தேவையா?

சித்திரையில் தேவையில்லைதான், மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கிறது. ஆனால் மார்கழி விடியலில் எண்பது வயது மாமியாரை அழைத்துக்கொண்டு சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்துக்குப் போனோம். நாலு மணிக்கு அவர் குளிக்க ஒரு வாளி வெந்நீர் கேரவனிலேயே கிடைத்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்வதில்லை.

திருப்பிக் கொடுக்கும்போது கீசரில் என்ன செய்ய வேண்டும்?

முந்தின இரவே இரண்டு சுவிட்சையும் அணைத்துவிடுங்கள், வெளியே இருக்கும் கறுப்பு சுவிட்சையும் சேர்த்து. காலையில் தண்ணீர் ஆறியிருக்கும். பம்பை நிறுத்தி, சேஃப்டி வால்வின் கைப்பிடியை இழுத்து அழுத்தத்தை வெளியேற்றிய பிறகுதான் வடிமூடியை ஸ்பானரால் கழற்ற வேண்டும். அழுத்தத்தோடு கழற்றினால் மூடி முகத்துக்கு வரும், பக்கவாட்டில் நின்று கழற்றுங்கள். தொட்டி வடிந்ததும் மூடியை மாட்டிவிடுங்கள். சாவி மாட்டும் ஆணியில் "தொட்டி காலி" என்று எழுதிய சிவப்பு அட்டை தொங்குகிறது. அதை எடுத்துக் கீசர் சுவிட்சுகளின் மேல் மாட்டிவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.